முந்திக்கொண்டு வைத்த பிளக்ஸ்

அஸ்தம்பட்டி, சேலம்
ஞாயிறு, பூசை முடிந்த பின்

அன்பு மகன் ஜெர்ரிக்கு அப்பா எழுதுவது. அந்தச் சிலி நாட்டு மலைக் குளிரில் ஆண்டவர் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதித்தான் கை பழகியிருக்கிறது, ஆனால் சுகமில்லை, சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்குத் தொண்டையில் வந்திருப்பது புற்றுநோய். வருகிற பதினெட்டாம் தேதி ஆபரேஷன், குரல்வளையை முழுவதும் எடுத்துவிடுவார்கள். உயிருக்குப் பயமில்லை என்கிறார் டாக்டர், ஆனால் அதற்குப் பிறகு அவளுக்கு இந்தக் குரல் இருக்காது. இப்போதே கரகரவென்றுதான் வருகிறது, அன்பியக் கூட்டத்தில் ஜெபமாலை சொல்வதை வேறொருவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டாள். உனக்குத் தெரியக் கூடாது என்று என்னிடமும் உன் தங்கை அக்சிலியாவிடமும் சத்தியம் வாங்கியிருக்கிறாள். ஏனுங்க, தெரிஞ்சா வேலையப் போட்டுட்டு ஓடி வந்துருவான், பொழப்பு கெட்டுப்போகும், சொல்லிப்போடாதீங்க என்றாள். சொல்லாதே என்றதைச் சொல்வது எனக்குப் புதிதல்ல என்று நீ நினைப்பாய், நினைத்துக்கொள்.

நீ எங்களோடு பேசி ஏழு மாதம் ஆகிறது. அதற்குக் காரணமான என் பாவத்தை நான் இன்னும் வாய்விட்டு ஒத்துக்கொள்ளவில்லை, இன்றைக்கு எழுத்தில் ஒத்துக்கொள்கிறேன். அப்பா, ஒரு நட்சத்திரத்தின் வெளிச்சம் மங்கி மங்கி வருகிறது, கோளாக இருக்கலாம், உறுதியாகவில்லை, யாரிடமும் மூச்சு விடாதீர்கள் என்று நீ சொன்னது காலை பத்து மணிக்கு. மதியம் சாப்பாட்டுக்குள் உனக்கு ஒரு வாழ்த்து பிளக்ஸ் டிசைன் முடித்துவிட்டேன். இருபத்தாறு வருடமாக ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் வாழ்த்து அடித்த கை இது, புதுநன்மை, பூப்பு நீராட்டு, காதணி என்று எத்தனை முகங்கள், என் பிள்ளைக்கு ஒன்று அடிக்க மாட்டேனா என்று இருந்தது. எங்கள் தொழிலில் முடிவு வரும் வரைக்கும் யார் காத்திருக்கிறார்கள்? எலெக்ஷன் வந்தால் இரண்டு கட்சிக்கும் வெற்றி பேனரை எண்ணிக்கைக்கு முன்பே அடித்து அடுக்கி வைப்போம், தோற்றவர் பேனரைக் கிழித்துப் போட்டால் முடிந்தது. அதே புத்தியில், புதிய உலகைக் கண்டுபிடித்த எங்கள் பங்கின் புதல்வனே என்று பத்துக்குப் பன்னிரண்டு அடியில் உன் படத்தைப் போட்டு, நட்சத்திரத்தின் பெயரையும் நம்பரோடு போட்டு, மெயின் ரோட்டில் நிறுத்திவிட்டேன். போவோர் வருவோரெல்லாம் வண்டியை ஓரங்கட்டிப் படம் எடுத்தார்கள். எனக்குக் கர்வம் தலைக்கு ஏறிவிட்டது.

அந்தப் படம் கை மாறிக் கை மாறி உன் தலைமை விஞ்ஞானியின் போனுக்கே போகும் என்று எனக்கு எப்படித் தெரியும்? நம்பி ஒரு தகவல் கொடுக்க முடியாத ஆள் என்று உன்னை அத்தனை பேர் முன்னால் சொன்னாராம். பதினைந்து நாளில் அது கோளே இல்லை என்றும் ஆகிவிட்டது. நீ கடைசியாகப் போனில் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அப்பா, நீங்க எனக்கு வாழ்த்து அடிக்கல, கண்ணீர் அஞ்சலி அடிச்சிட்டீங்க என்றாய். அப்போதும் நான் புரியாமல், பெற்றவன் ஆசைப்பட்டது குற்றமா என்று கத்தினேன். கத்தியிருக்கக் கூடாது.

இப்போது புரிகிறது. நம் பங்குக் கோயிலுக்கு வரும் இயற்பியல் வாத்தியார் தீனதயாளனிடம் நாலு ஞாயிறு உட்கார்ந்து கேட்டேன். கோளை நேரில் பார்ப்பது அபூர்வம், நட்சத்திரத்தின் குறுக்கே அது கடக்கும்போது வெளிச்சம் துளி குறையும், பூமி அளவுக் கோள் என்றால் பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்றார். அதே இடைவெளியில் மறுபடியும் குறைகிறதா என்று மாதக்கணக்கில், சிலதற்கு வருடக்கணக்கில், காத்திருக்க வேண்டுமாம். அப்புறம் வேறொரு தொலைநோக்கியில், அந்தக் கோள் இழுக்கிற இழுப்பில் நட்சத்திரம் லேசாக ஆடுகிறதா என்று பார்த்து எடையைக் கணக்கிட வேண்டுமாம். அதற்கும் பிறகுதான் அதன் காற்றில் வடிந்து வரும் வெளிச்சத்தைப் பிரித்து, எந்த நிறம் குறைகிறது என்று பார்த்து என்ன வாயு என்று சொல்வார்களாம். உன் விஷயத்தில் பின்னால் எங்கோ இரண்டு நட்சத்திரங்கள் ஒன்றையொன்று மறைத்த மங்கல், முன்னால் இருந்த நட்சத்திரத்தின் வெளிச்சத்தோடு கலந்து கோள் மாதிரி ஏமாற்றிவிட்டது, இது எல்லோருக்கும் நடப்பதுதான், அதற்காகத்தான் வாயைத் திறக்காமல் சோதிக்கிறார்கள் என்றார் வாத்தியார். நீ ஏமாறவில்லை ஜெர்ரி, நீ சோதித்துக்கொண்டுதான் இருந்தாய். அத்தனை பொறுமையான வேலையை நான் அரை நாளில் நாசம் பண்ணிவிட்டேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து நான் சாப்பிடவில்லை.

பிளக்ஸை நானே ஏணி வைத்து இறக்கினேன். சுருட்டிக் கடை வாசலில் போட்டதை மேச்சேரி ஆட்டு வியாபாரி ஒருவர் பட்டிக்குக் கூரை போடக் கேட்டு எடுத்துப்போய்விட்டார், வழக்கம்தானே என்று நானும் விட்டுவிட்டேன். மறுநாள் மழை. உன் முகத்தின் மேல் தண்ணீர் தேங்கி நிற்குமே என்று மனது கேட்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய், வேறொன்றைக் கட்டிக்கொடுத்து வாங்கி வந்தேன். பீரோவுக்குப் பின்னால் இருக்கிறது, விரித்துப் பார்க்கத் தைரியம் இல்லை. கடைக்குப் போகிறேன், மிஷின் ஓடுகிறது, எனக்கு எதிலும் பிடிப்பில்லை. நீ என் நம்பரைத் தடுத்துவிட்டாய். அக்சிலியா போனில் மட்டும் நீ ஆன்லைன் என்று வருகிறது, அதைக் காட்டினால் அம்மா சிலுவை போட்டுக்கொள்கிறாள். நீ அம்மா போனை எடுக்காததற்கும் நான்தான் காரணம். சண்டை நடந்த அந்த வாரத்தில் அவள் உன்னோடு பேசிய இரண்டு தடவையும் நான் ஸ்பீக்கரைப் போட்டு நடுவில் நுழைந்தேன், இரண்டு தடவையும் நீ வைத்துவிட்டாய். என்னை நீ மன்னிக்க வேண்டும் என்று கேட்கவில்லை, கேட்கும் தகுதியும் இல்லை என்றே தோன்றுகிறது.

தபால் எப்போது வந்து சேருமோ, அக்சிலியா இதைப் படம் பிடித்து உன் ஈமெயிலுக்கு அனுப்புகிறேன் என்றிருக்கிறாள். நேரத்துக்குச் சாப்பிடு, அந்த உயரத்தில் மூச்சு வாங்கினால் அலட்சியம் பண்ணாதே. மாதா உன்னைக் கைவிடாமல் காப்பாளாக. ஒன்றை மட்டும் நினைவில் வை. இன்றிலிருந்து பதினேழாம் தேதி வரை, தினமும் சாயங்காலம் ஆறு முதல் எட்டு வரை நான் வீட்டில் இருக்க மாட்டேன், கோயிலில் உட்கார்ந்திருப்பேன். உனக்கு அது காலை நேரம். போன் அம்மா கையில் மட்டும் இருக்கும். நீ கூப்பிட்டாயா என்றுகூட நான் அவளைக் கேட்க மாட்டேன். அவள் வாயால் உன் பெயரை ஒரு தடவை கேட்டுவிடு சாமி. பதினெட்டுக்குப் பிறகு நீ எவ்வளவு பேசினாலும் அவள் கேட்க மட்டும்தான் முடியும்.

இப்படிக்கு,
உன் அப்பா
ஞானதாஸ்