மதினியும் நானும் சுத்தம் செய்த புகைபோக்கி

மதினி,

நேற்று மகள் வீட்டு அடுக்களையில் மின்சாரச் சிம்னியைச் சுத்தம் செய்ய ஆள் வந்திருந்தார். வலைத் தட்டுகளைக் கழற்றி வெந்நீரில் ஊறப்போட்டார். குளியலறை முழுக்கக் கறுப்புத் தண்ணீர். எண்ணெய்ப் பிசுக்கும் கரியும் கலந்த வாடை கூடம் வரைக்கும் வந்தது. மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "நீங்கள்லாம் அந்தக் காலத்துல சிம்னியை எப்படிம்மா க்ளீன் பண்ணுனீங்க?" என்று கேட்டாள். "உங்க அத்தை கையை விட்டுத்தான்," என்றேன். விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டாள். அப்போது அவள் பால்குடி மறக்காத பிள்ளை, அவளுக்கு எப்படித் தெரியும்.

அவளை நான் வயிற்றில் சுமந்துகொண்டிருந்தபோதுதான் நீங்கள் அம்பாசமுத்திரத்திலிருந்து கல்கத்தாவுக்கு வந்தீர்கள். "பிரசவம் முடிஞ்சு ஒரு மாசம் இருந்துட்டுப் போறேன்" என்றுதான் வந்தீர்கள். நான் விடவில்லை. கைக்கு உதவியாக ஆள் கிடைத்த சுயநலம் அதில் பாதி. என்னைக் கட்டிய உங்கள் தம்பி வங்கிக்குப் போய்விட்டால் பாலிகஞ்ச் மாடியில் தமிழ் பேச எனக்கு வேறு நாதியில்லை, அது மீதிப் பாதி. உங்களுக்கும் ஊரில் என்ன வைத்திருந்தது? உங்கள் வீட்டு அண்ணாச்சி காலமான பிறகு கொழுந்தனார் வீட்டுக் கூட்டத்துக்கு வடித்துக் கொட்டிவிட்டு, எல்லோரும் எழுந்த பிறகு ஒற்றையாக உட்கார்ந்து சாப்பிடுகிறவர் நீங்கள்.

உங்களிடம் எனக்கு ஒரே எரிச்சல்தான். எதைக் கேட்டாலும் "உங்க இஷ்டம்" என்பீர்கள். குழம்பில் உப்பு கரிக்கும், "நல்லாருக்கு" என்பீர்கள். டிசம்பர் குளிரில் பல் கிட்டும், "போர்வை போதும்" என்பீர்கள். உங்களுக்கு என்னதான் பிடிக்கும், என்ன பிடிக்காது என்று கண்டுபிடிக்க முடியாமல் நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

முதலில் நாம் மண்ணெண்ணெய் ஸ்டவ்வில்தான் சமைத்தோம். பிறகு மண்ணெண்ணெய் கிடைப்பது குதிரைக்கொம்பாகிப் போக, எல்லோரையும் போல உனூன் வாங்கினோம். இரும்பு வாளிக்குள் களிமண் பூசிய கரியடுப்பு. சுவரில் புகைபோக்கியின் ஓட்டைக்கு நேர் கீழே அதை வைத்துப் பற்றவைத்தால் புகை மேலே போக வேண்டும். நம் வீட்டில் அது அடுக்களைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தது. கீழ்வீட்டு அடுக்களைக்கும் நமக்கும் சேர்த்து ஒரே புகைபோக்கி. கீழ்வீட்டு அம்மாளைத் தெருவே 'பௌதி', அண்ணி, என்று கூப்பிட்டதால் நமக்கும் அவள் பௌதிதான். அவள் முற்றத்தில் நின்று, உங்கள் அடுப்பால் என் கண் போகிறது என்று வங்காள மொழியில் கத்துவாள். உன் புகைதான் எங்கள் வீட்டுக்கு வருகிறது என்று நான் அரைகுறை வங்காளத்தில் திருப்பிக் கத்துவேன். நீங்கள் இருமிக்கொண்டே உனூனை விசிறுவீர்கள்.

அந்தக் குளிர்காலத்தில் இருமல் உங்களை உலுக்கி எடுத்துவிட்டது. காசநோயாக இருக்குமோ என்று எல்லோருக்கும் ஒரே பயம். வாய்விட்டுச் சொல்லத்தான் யாருக்கும் தைரியமில்லை. நல்ல வேளை, எக்ஸ்ரேயில் நெஞ்சு சுத்தமாக இருந்தது. டாக்டர், "எல்லாம் புகையால்தான். புகையில்லாத இடத்துக்கு அனுப்புங்கள்," என்றார். வீட்டுச் சொந்தக்காரர் சுவரில் கைவைக்கக் கூடாது என்றார். கொத்தனார் சுவரை உடைக்காமல் முடியாது என்றார். உங்கள் தம்பி பார்த்தார், மெட்ராஸ் மெயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டார். கொழுந்தனாருக்குத் தந்தியும் போயிற்று.

"உங்க இஷ்டம் தம்பி," என்று சொல்லிவிட்டு நீங்கள் டிரங்குப் பெட்டியைத் திறந்தீர்கள்.

எனக்கு வந்ததே ஒரு கோபம்! "மதினி, உங்களுக்கு அங்க போக ஆசையா இருக்கா?" என்று கேட்டேன்.

"என் ஆசையில என்னட்டி இருக்கு. ஒண்டிக்கிடக்கவளுக்கு இங்கன என்ன, அங்கன என்ன."

"அப்போ அந்தப் புகைபோக்கியை நாமளே குத்திப் பாத்துருவோம். சரியாச்சுன்னா நீங்க போக வேண்டாம்."

"கோட்டிக்காரி," என்றீர்கள். ஆனால் மறுநாள் உங்கள் தம்பி ஆபீஸ் போனதும் கொடிக்கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வந்தது யார்? நீங்கள்தான். வீடு பெருக்கும் பழைய வாரியலை இரண்டாக வெட்டி, நடுவில் செங்கல்லை வைத்துச் சாக்குத்துணியால் சுற்றிக் கயிற்றில் கட்டினோம். நம் ஓட்டையில் நனைத்த போர்வையைத் தொங்கவிட்டோம். பௌதியிடமும் அப்படி மூடச் சொல்ல நான் கீழே போனேன். "ஏ கீ காண்டோ!" இதென்ன கூத்து என்று கன்னத்தில் கைவைத்தவள், அடுப்பை அவித்து மூடிக்கொண்டாள்.

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இரண்டு பெண்பிள்ளைகள் மொட்டைமாடியில் ஏறியதைப் பக்கத்து வீடுகளெல்லாம் ஜன்னலில் நின்று வேடிக்கை பார்த்தன. பார்த்தால் பார்க்கட்டும். தகர மூடியைத் தள்ளிவிட்டு நான் கயிற்றை இறக்கினேன். இழுத்து இழுத்து விட்டதில் கரி உதிரும் சத்தம் நன்றாகக் கேட்டது. கொஞ்ச தூரம் போனதும் செங்கல் மெத்தென்று எதன் மேலோ உட்கார்ந்துவிட்டது. ஓங்கிப் போட்டாலும் இறங்கவில்லை.

"காக்காக் கூடா இருக்குமோ?" என்றேன்.

நீங்கள் கைப்பிடிச் சுவரோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டீர்கள். முகம் வெளுத்துப் போயிருந்தது.

"கூடு இல்லட்டி. அது சாக்கு. நான் வச்ச சாக்கு."

பிறகு மெதுவாகச் சொன்னீர்கள். வந்த புதிதில், நாம் ஸ்டவ்வில் சமைத்த காலத்தில், பௌதி மீன் வறுக்கிற வாடை அந்த ஓட்டை வழியாக வந்திருக்கிறது. சைவ வீட்டிலேயே பிறந்து வளர்ந்த உங்களுக்குக் குமட்டி, சோறு இறங்கவில்லை. ஊரிலிருந்து அரிசி கொண்டுவந்த சாக்கைச் சுருட்டி ஓட்டைக்குள் அடைத்தீர்கள். வாடை நிற்காமல் போக, கம்பால் இன்னும் உள்ளே தள்ளினீர்கள். ஒருநாள் பார்த்தால் சாக்கைக் காணோம். கீழ்வீட்டு அடுப்பில் விழுந்து எரிந்திருக்கும் என்று நினைத்து மறந்தே போனீர்கள். அது எரியவில்லை. பொதுக்குழாயில் போய்ச் சிக்கி, அதன் மேல் கரி படிந்து படிந்து, இரண்டு வீட்டுப் புகைக்கும் வழியை அடைத்துவிட்டது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன மதினி?"

"வந்து ஒண்டியிருக்கவ வாடை பிடிக்கலன்னு சொன்னா நல்லாவா இருக்கும்?"

எனக்கு உங்களைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் கீழே கூட்டி வந்தேன். கரண்டிக் காம்பை வளைத்துக் கொக்கியாக்கி, தோள்வரைக்கும் கையை ஓட்டைக்குள் விட்டுத் துழாவினீர்கள். நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். ஒரே இழுப்பு. சாக்கும் அதோடு ஒரு கூடைக் கரியும் உங்கள் தலையில் கொட்டின. கண்ணும் பல்லும் மட்டும்தான் வெள்ளை. இருமலும் சிரிப்புமாக நாம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டோம். அதுவரை நீங்கள் சத்தமாகச் சிரித்து நான் கேட்டதில்லை.

"பௌதிகிட்ட காக்காக் கூடுன்னு சொல்லிருவோம்," என்றேன். நீங்கள் கேட்கவில்லை. சாக்கைத் தூக்கிக்கொண்டு, அந்தக் கோலத்திலேயே படியிறங்கிப் போய் அவள் முன்னால் போட்டீர்கள். "மீன் வாடை எனக்கு ஆகல. நான்தான் அடைச்சேன். தப்பு," என்று தமிழிலேயே சொன்னீர்கள். நான் மொழிபெயர்த்தேன். ஒரு குளிர்காலம் முழுக்கக் கண்ணைக் கசக்கியவள் அவள், கோபம் வராமல் இருக்குமா? பொரிந்து தள்ளினாள். கடைசியில், "பொல்லேயி தோ பார்தென்!" என்றாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று அர்த்தம். மீன் வறுப்பதை நிறுத்த மாட்டாளாம், வறுக்கும்போது பின்பக்க ஜன்னலைத் திறந்து வைப்பாளாம். சொல்லிவிட்டு, உங்கள் கண்ணோரத்துக் கரியைத் தன் புடவைத் தலைப்பால் துடைத்தாள்.

சாயங்காலம் உனூனைப் பற்றவைத்தோம். புகை சொன்னபடி கேட்டு மேலே போயிற்று. உங்கள் தம்பி வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் நீங்கள் அவர் முன்னால் போய் நின்றீர்கள். குளித்திருந்தும் காது மடலில் கரி ஒட்டியிருந்தது.

"ஏல தம்பி, டிக்கெட்டைத் திருப்பிக் குடுத்துரு. நான் போவல. அங்க எல்லாரும் தின்னு முடிச்சப்புறம் திங்கணும். இங்க உன் பொண்டாட்டி கூட உக்காந்து சாப்பிடுதேன். எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு."

அவர் பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்றார். "நீ போகணும்னு இருக்கேன்னுல்லா நெனச்சேன் அக்கா," என்றார்.

கோடைக்குள் உங்கள் இருமல் நின்றுவிட்டது. வாய் மட்டும் நிற்கவில்லை. அம்மாடி! காபியில் சிக்கரி தூக்கல் என்பீர்கள். நான் கரியாஹாட் கடைத்தெருவில் ஆசையாக எடுத்துவந்த புடவையைப் பார்த்து, "இந்தச் சவத்தையா காசு குடுத்து வாங்குனே?" என்பீர்கள். பிள்ளையைத் தூக்கத் தெரியவில்லை என்பீர்கள். நானும் விடமாட்டேன், பதிலுக்குப் பதில் பேசுவேன். குளிர்காலம் தொடங்கும் முன் மொட்டைமாடியில் ஏறிக் கயிறு விடும்போதும் சண்டைதான். கீழேயிருந்து பௌதி சிரிப்பாள். கேஸ் அடுப்பு வரும்வரைக்கும் அந்த வேலைக்கு நாம் வேறு ஆளைத் தேடவில்லை.

நீங்கள் போனபோது கொழுந்தனார் வீட்டிலிருந்து வந்திருந்தார்கள். உங்கள் தலைமாட்டில் உட்கார்ந்து, "பாவம், வாயில்லாப் பூச்சி," என்று ஒருத்தி அழுதாள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது மதினி, அந்த இழவு வீட்டில். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். அப்புறம்தான் அழுதேன். அழுது ஓய எனக்கு நெடுநாள் ஆயிற்று.

உங்கள் தம்பியும் போய்ச் சேர்ந்த பிறகு நான் மகளோடு வந்துவிட்டேன். எனக்கு உள்ளறையைக் கொடுத்திருந்தாள். வெயில் எட்டிப் பார்க்காத அறை. "போதும், நல்லாருக்கு," என்றுதான் முதலில் சொன்னேன். சொன்ன பிறகு அந்த வார்த்தை என் வாய்க்குள்ளேயே உறுத்திக்கொண்டிருந்தது. போன வாரம் அவளைக் கூப்பிட்டு, "எனக்கு இந்த அறை பிடிக்கல. பால்கனி அறை வேணும்," என்று சொல்லிவிட்டேன். அவள் முகம் கொஞ்சம் சுருங்கத்தான் செய்தது, அது மாப்பிள்ளை ஆபீஸ் வேலை பார்க்கிற அறை. ஆனாலும் கட்டிலை நகர்த்த ஆள் கூப்பிட்டாள். பால்கனி அறையில், வெயிலில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன்.