வெயிலை நம்பிக் கழற்றிய வால்வு

பட்டுக்கோட்டை,
ஐப்பசி, புதன்கிழமை.

அன்பு மகன் பகலவனுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அம்மா, தேங்காய் மண்டி, மண்டி வாசலில் படுத்திருக்கும் நாய் உட்பட எல்லோரும் நலம். சித்திரையில் வாங்கிய பழைய காரும் ஒருவழியாக இப்போது நலம். அங்கே அந்தப் பனி ஊரில் நீயும் குந்தவையும் என் பேத்தி செம்மொழியும் நலமாகத்தான் இருப்பீர்கள், இந்தக் குளிர்காலம் முழுக்க அப்படியே இருக்கவேண்டும் என்பதற்காகத்தான் பேனாவை எடுத்தேன். போனில் சொன்னால் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, சரிப்பா சரிப்பா என்று சொல்லிக்கொண்டே லேப்டாப்பைத் தட்டுவாய், அந்தச் சத்தம் எனக்கு இங்கே கேட்கிறது. அதனால் எழுதி, மண்டிக் கணக்குப்பிள்ளை குணசேகரனை விட்டுப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். இதைப் படித்து முடிக்காமல் சனிக்கிழமை நீ பார்த்து வைத்திருக்கும் காருக்குப் பணம் கட்டாதே.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. சம்பா நட்டவன் சிரிக்கிறான், கொப்பரை காயப்போட்ட நான் வானத்தைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். அது இருக்கட்டும். நீ வாங்கப்போகிற பழைய காரில் என்ஜின் லைட் எரிகிறது, ஸ்கேனர் போட்டுப் பார்த்தேன், விற்பவர் வெறும் சென்சார்தான் என்கிறார், அதற்காக விலையும் குறைத்துவிட்டார் என்று பெருமையாகப் படம் அனுப்பியிருந்தாயே, அந்தப் படத்தில் இருந்த நம்பரைப் பார்த்ததும் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். பி-0128. எங்கள் காரில் கோடை முழுக்க லைட் எரிந்ததும் அதே நம்பருக்குத்தான். நீ சிரிப்பாய் என்று அப்போது சொல்லவில்லை.

அந்தக் காரை வலங்கைமானில் ஒரு ரிட்டையர் ஆனவரிடம் வாங்கினேன். நல்ல பக்திமான். டேஷ்போர்டு முழுக்க சாமி, மீட்டர் கண்ணாடியில்கூட ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு. உன் நெடுமாறன் மாமா அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் நகத்தால் சுரண்டினேன். அடியில் மஞ்சளாக என்ஜின் லைட் எரிந்துகொண்டிருந்தது. வீட்டுக்காரம்மா திருஷ்டிக்கு ஒட்டினாங்க என்றார் அவர். நானும் விடவில்லை, கறுத்த கொப்பரைக்குக் கந்தகப் புகை போட்டு வெள்ளையாக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், பொட்டு வைத்து விற்கிறவரை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்றேன். விலை இறங்கியது. லைட்டையே லாபத்துக்கு வாங்கிய மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். என்ன குறை என்றே தெரியாமல் குறைக்கு விலை பேசியிருக்கிறேன் என்பது அப்போது உறைக்கவில்லை. இப்போது நீயும் அதையேதான் செய்துகொண்டிருக்கிறாய்.

மாமா ஆன்லைனில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு ஸ்கேனர் வாங்கி, ஸ்டியரிங்குக்கு அடியில் செருகிப் போனில் பார்த்தார். என்ஜின் போதுமான அளவு சூடாகவில்லை என்று வந்தது. அப்போது கத்திரி வெயில். ஏன் மச்சான், நீங்க உட்கார்ந்திருக்கிற சீட்டே தோசைக்கல்லாட்டம் கொதிக்குது, என்ஜினுக்குச் சூடு பத்தலையாம்ல, பனி பெய்யிற ஊர்க்காரன் செஞ்ச மிஷினுக்கு நம்ம ஊரு வெயிலப் பத்தி என்ன தெரியும் என்று சொல்லி, அதைப் பிடுங்கி டிராயரில் போட்டார். உண்மையைச் சொன்ன ஒரே ஆளை முதல் நாளே வெளியே அனுப்பிவிட்டுப் பிறகு ஊரைக் கூட்டி வைத்தியம் பார்த்தோம். ஒருவர் பிளக்கை மாற்றினார். இன்னொருவர் ஏர் ஃபில்டரை மாற்றினார். மூன்றாமவர் சென்சார்தான் என்று அடித்துச் சொல்லிச் சென்சாரையும் மாற்றினார். நான்காவது ஆள் பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டினார், லைட் அணைந்துவிட்டது! மாமா அன்றைக்கே அம்மாவைக் கேசரி கிண்டச் சொன்னார். திருவாரூர் போகிற வழியில், மன்னார்குடி தாண்டுவதற்குள் லைட் திரும்ப வந்துவிட்டது. கடைசியில் அம்மா எலுமிச்சம்பழம், கற்பூரம் எல்லாம் எடுத்துக்கொண்டு காரைக் கோயில் வாசலுக்கே ஓட்டச் சொன்னாள். அந்த என்ஜின் அந்தக் கோடையில் கண்ட ஒரே சூடு அந்தக் கற்பூரம்தான்.

ஆனால் பெட்ரோல் மட்டும் கல்யாண வீட்டுச் சாம்பார் மாதிரி போய்க்கொண்டே இருந்தது. தஞ்சாவூர் வரை ஓட்டிய பிறகும் டெம்பரேச்சர் முள் வேலைக்கு வராத ஆள் மாதிரி அடியிலேயே படுத்துக் கிடந்தது. கதவைத் திறந்து போட்டுவிட்டுக் கொப்பரைச் சூளையில் எத்தனை சிரட்டையைத் தள்ளினாலும் அனல் தங்காது, இங்கேயும் ஏதோ ஒரு கதவு திறந்து கிடக்கிறது என்று எனக்குப் பட்டது. வலங்கைமானுக்குப் போன் போட்டேன். வண்டியில் என்ன கோளாறு என்று கேட்டால் எந்த மனுஷனும் சொல்லமாட்டான், அதனால் அய்யா இந்த வண்டியிலேர்ந்து எதைக் கழட்டினீங்க என்று கேட்டேன். மனுஷன் குஷியாகிவிட்டார். தெர்மோஸ்டாட் வால்வுதானே, நம்ம ஊரு வெயிலுக்கு அது எதுக்குங்க, என்ஜின் குளுகுளுன்னு ஓடட்டும்னு வாங்குன வாரமே கழட்டிட்டேன், மஞ்சத் துணியில சுத்திப் பத்திரமா வச்சிருக்கேன், வேணும்னா வாங்கிக்குங்க என்றார். காருக்கு நல்லது செய்ததாகவே இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறார். அந்த வால்வுதான் கதவு. என்ஜின் சூடேறும்வரை தண்ணீரை, அதை ஆறவைக்கிற ரேடியேட்டர் பக்கம் போகவிடாமல் மூடி நிற்கும். அது இல்லாவிட்டால் என்ஜின் ஆறிக்கொண்டே இருக்கும், கம்ப்யூட்டரும் இன்னும் சூடாகவில்லை போலிருக்கிறது என்று பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். புது வால்வு போட்டோம், லைட் போனது போனதுதான். இப்போது டீக்கடையில் வால்வைப் பற்றிப் பாடம் எடுப்பது உன் மாமாதான்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். உன் பனி ஊரில் யாரும் வால்வைக் கழற்றியிருக்கமாட்டார்கள், அது திறந்தபடியே சிக்கிக் கிடக்கும், இல்லாவிட்டால் தண்ணீர் குறைந்திருக்கும். இங்கே அதனால் எனக்குப் போனது பெட்ரோல்தான். அங்கே காருக்குள் ஹீட்டர் காற்று சூடாவதும் அதே என்ஜின் தண்ணீரில்தான் என்று மெக்கானிக்கிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். என்ஜின் சூடாகாவிட்டால் உள்ளேயும் சூடு வராது. தை மாதத்தில் மைனஸ் முப்பது இருக்கும்போது செம்மொழியை அதில் வைத்து டே கேருக்குக் கூட்டிப் போகப்போகிறாய். ஆகவே, வாழ்நாள் முழுக்கப் பேரம் பேசியே சாப்பிட்ட நான் சொல்கிறேன், இதில் பேரம் பேசாதே. குறைத்த விலை வேண்டாம், சரிசெய்த கார் வேண்டும் என்று சொல். வெறும் சென்சார்தான் என்றால் நல்லதாகப் போயிற்று, மாற்றிக் கொடுத்துவிட்டுப் பணம் வாங்கிக்கொள்ளட்டும். பிறகு ஒருநாள் காலையில், நான் வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்யவேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிட்டுப் போ. போனதும் பானட்டைத் தொட்டுப் பார், சூடாக இருந்தால் முன்னாலேயே ஓட்டி வைத்திருக்கிறார் என்று அர்த்தம், திரும்பி வந்துவிடு. ஆறிய என்ஜினில் கூலன்ட் அளவைப் பார், அடிக்கடி ஊற்றவேண்டியிருக்கிறது என்றால் எங்கோ ஒழுகுகிறது, அந்தக் காரே வேண்டாம். சாவியைத் திருப்பினால் என்ஜின் லைட் ஒரு தரம் எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணையவேண்டும், எரியவே இல்லையென்றால் அந்த ஊர்ப் பொட்டு எதையோ வைத்து மறைத்திருக்கிறார்கள். அன்றைக்கு லைட் இல்லை என்பதை மட்டும் நம்பாதே, அழித்துவிட்டுக் காட்டுவது எங்கள் நான்காவது ஆளுக்கே தெரிந்த வேலை. கார் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் சோதனைகள் இன்னும் முடியவில்லை என்று உன் ஸ்கேனரில் வந்தால் இப்போதுதான் அழித்திருக்கிறார்கள். ஒரு மணி நேரமாவது அவரையே ஓட்டச் சொல். நீ ஓட்டாதே. பின்சீட்டில், செம்மொழியின் சீட்டை மாட்டும் இடத்தில் உட்கார்ந்து, ஸ்வெட்டரைக் கழற்றி வைத்துக்கொள். உனக்குக் குளிரவில்லையென்றால் வாங்கு.

குந்தவையிடம் நான் விசாரித்ததாகச் சொல். பேத்தி பல் முளைத்து நீண்ட ஆயுளோடு என் மண்டியை ஒரு நாள் ஆள வரட்டும், உங்கள் மூவருக்கும் எங்கள் ஆசி எப்போதும் உண்டு. அம்மா பருப்புப்பொடிப் பார்சலில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு அட்டையும் வைத்திருக்கிறாள். அது குழந்தை நெற்றிக்கு, மீட்டருக்கு இல்லை.

இப்படிக்கு,
உன் அப்பா
ரெத்தினம்