மூன்றாம் மாடியில் அப்பா

மார்ச் 3, திங்கள்

அன்புள்ள உருண்டை,

பயப்படாதே, நலமாகத்தான் இருக்கிறேன். அப்பா வேலை பார்த்த மில்லில் சும்மா கிடக்கிறதே சரக்கு லிஃப்ட், அதில் ஏறி மூன்றாம் மாடிக்குப் பொத்தானை அழுத்தினேன். கதவு திறந்தால் முப்பத்தைந்து வருஷம் பின்னால்! இங்கேயும் மில்லைப் பூட்டிவிட்டார்கள். எப்போது திறக்கும் என்று வாசலில் ஒரே கும்பல்.

சனிக்கிழமை என்னை அத்தை வீட்டுக்கும் உன்னை மாமா வீட்டுக்கும் அனுப்பிவிடுவார்கள். அதற்குள் எனக்கு ஒன்று தெரிய வேண்டும். அப்பா சின்னப் பிள்ளையாக இருந்தபோதும் தாத்தாவுக்கு இப்படித்தானே வேலை போனது? எப்படிச் சமாளித்தார்கள்? கேட்டுவிட்டு வருகிறேன். பதிலை லிஃப்டில் வைத்துப் பொத்தானை அழுத்து. அம்மாவிடம் மூச்சு விடாதே.

உன் அக்கா

மார்ச் 4, செவ்வாய்

அக்காவுக்கு,

சொல்வது சுலபம். நீ தோழி வீட்டில் இருப்பதாகப் புளுகி வைத்திருக்கிறேன். அம்மா என்னை முறைத்துக்கொண்டே இருக்கிறாள். நம் பெட்டிகளைக் கட்டியாயிற்று. அப்பா குறுக்கும் நெடுக்கும் நடக்கிறார். வெள்ளிக்கிழமை லிஃப்டைப் பிரித்து எடுக்க ஆட்கள் வருகிறார்களாம். அதற்குள் வந்துவிடு.

உருண்டை

மார்ச் 6, வியாழன்

உருண்டை,

அப்பாவைப் பார்த்துவிட்டேன். ஏழு வயது. தாத்தாவும் பாட்டியும் எங்கே சமாளித்தார்கள்? அவரையும் உறவுக்காரர் வீட்டுக்கு அனுப்புகிறார்கள்! பஞ்சு மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு என் கையை விட மாட்டேன் என்கிறார். "அக்கா, என்னைத் திரும்பக் கூட்டிட்டு வருவாங்களா?" என்று கேட்கிறார். நான் என்ன சொல்வேன்? இவரை விட்டுவிட்டு எப்படி வருவேன்?

அக்கா

மார்ச் 7, வெள்ளி

அன்புள்ள அக்கா,

கோபித்துக்கொள்ளாதே. உன் கடிதத்தை அப்பாவிடம் காட்டிவிட்டேன். நின்றபடியே இரண்டு தடவை படித்தார். "மூட்டைக்குப் பின்னாடி ஒரு அக்கா என்கூட உக்காந்திருந்தா. யாருன்னே தெரியாமப் போச்சு" என்றார். நேரே போய் நம் பெட்டிகளைக் கவிழ்த்துத் துணியெல்லாம் கொட்டினார்.

"சாப்பாட்டுக்கு என்ன வழி?" என்றாள் அம்மா.

"நாலு பேரும் சேர்ந்தே தேடுவோம். பிள்ளைங்களை எங்கேயும் அனுப்ப மாட்டேன்."

அம்மா திட்டிக்கொண்டே துணியை மடித்து அலமாரியில் வைத்தாள்.

அந்தச் சின்ன அப்பாவிடம் பொய் சொல்ல வேண்டாமாம். "நாலு வருஷம் ஆகும், ஆனா கண்டிப்பா வருவாங்கன்னு சொல்லச் சொல்லு" என்றார்.

இப்போது அப்பாவோடு மில்லில் நின்று எழுதுகிறேன். லிஃப்டைப் பிரிக்க ஆட்கள் வந்துவிட்டார்கள். அப்பா லிஃப்டை மறித்துக்கொண்டு, "என் பொண்ணு மேல இருக்கா" என்கிறார். அவர்கள் சிரிக்கிறார்கள். அவர் நகரவில்லை.

பதில் எழுதாதே. நீயே வா.

உருண்டை