திருப்பி அனுப்ப வேண்டிய கத்தரிக்கோல்

வாலுக்குட்டிக்கு,

போன மாசம் என் கத்தரிக்கோலைப் பார்சல்ல அனுப்பி, "கை வலிக்குது, இனி நீயே வச்சுத் தை"ன்னு எழுதியிருந்தேனே, அது பச்சைப் பொய். கை நல்லாத்தான் இருக்கு.

கண்ணுதான் மங்கிப்போச்சு. ஒரு சட்டைக்கு ரெண்டு கையையும் இடது கையாவே வெட்டிட்டேன். முப்பது வருஷத்துல முதல் தடவை! அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி மார்புல வந்த புற்றுநோய், அபூர்வமா கண்ணுக்கும் பரவும்னு ஆஸ்பத்திரியில சொன்னது அப்போதான் ஞாபகம் வந்துச்சு. உங்கப்பாகிட்டகூட மூச்சு விடலை. தையல் மெஷினுக்கு உறை போட்டு மூடிட்டேன்.

நேத்து ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, "அது எங்கேயும் பரவலைம்மா, இது சாதாரணக் கண்புரை"ன்னாங்க. நான் சிரிச்ச சிரிப்புல அவங்களே பயந்துட்டாங்க. வெளியே வந்து, கண்ணாடி மாத்தத்தான் வந்திருக்கோம்னு நம்பிக் காத்துக்கிட்டிருந்த உங்கப்பாகிட்ட எல்லாத்தையும் கொட்டினேன். மனுஷன் நடுத்தெருன்னுகூடப் பார்க்காம அழுதார். அழுது முடிச்சதும், "பசிக்குது"ன்னார்.

அடுத்த வாரம் ஆபரேஷன். நீ லீவு போட்டு வராட்டாலும் பரவாயில்லை, கத்தரிக்கோல் வந்து சேரணும். அதுல நீ பேப்பர் வெட்டியிருந்தா, தோலை உரிச்சுடுவேன்.

இன்னும் நிறையத் தைக்கவேண்டியிருக்கிற
உன் அம்மா