ஊர்த் தண்ணீரைப் பற்றி நீங்கள் கதைத்த நாள்

ராத்தா,

இன்று காலை என் வீட்டுத் தேத்தண்ணி உப்புக் கரித்தது. சீனி என்று நினைத்து உப்பைப் போட்டுவிட்டேனோ என்று அதை ஊற்றிவிட்டு மறுபடி போட்டேன். அதுவும் அப்படித்தான் இருந்தது. கிணற்றடிக்குப் போய் ஒரு கை அள்ளி வாயில் வைத்தேன். விழுங்க முடியவில்லை. வாப்பா வெட்டிய கிணற்றின் தண்ணீரைத் துப்பவும் மனம் வரவில்லை. வாயில் வைத்தபடியே கொஞ்ச நேரம் நின்றேன். இதை யாரிடம் போய்ச் சொல்வது என்று யோசித்தபோது உங்கள் முகம்தான் வந்தது. நீங்கள் மவுத்தாகி, அடக்கமாகி இரண்டு நோன்புப் பெருநாள் போய்விட்டது என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

இந்த ருசியை எனக்கு முதலில் காட்டியவர் நீங்கள். தொண்ணூறாம் ஆண்டு, முஸ்லிம்கள் என்பதால் மன்னாரிலிருந்து இயக்கத்தால் துரத்தப்பட்டு, வள்ளத்தில் புத்தளத்துக் கற்பிட்டிக்கு வந்து இறங்கிய சனத்தில் நாற்பது குடும்பம் எங்கள் ஊருக்கு வந்தது. வாப்பா தன் தென்னந்தோட்டத்தின் ஒரு பக்கத்தை விட்டுக் கொடுத்தார். ஊரே கிடுகு கட்டிக் கொண்டுபோனது. எங்கள் வீட்டில் பெரிய சட்டியில் கஞ்சி காய்ச்சினோம். நான் அப்போது கலியாணம் முடித்து ஒரு வருடம். நீங்கள் ஒரு பிள்ளையை இடுப்பிலும் ஒன்றைக் கையிலும் பிடித்துக்கொண்டு வரிசையில் வந்தீர்கள். கஞ்சியை வாங்கிக்கொண்டு, "தங்கச்சி, சட்டி கழுவ ஆள் தேவையெண்டா நான் நிக்கிறன்" என்றீர்கள். உங்கள் ஊரில் வயலும் மாடும் வைத்திருந்த வீட்டுப் பெண் நீங்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது.

முகாமுக்கென்று தோண்டிய கிணறு முதல் மூன்று மாதமும் நன்றாகத்தான் இருந்தது. அத்தனை குடும்பமும் விடியலிலிருந்து பொழுதுபடும்வரை அள்ளினார்கள். பிறகு ஒருநாள் நீங்கள் ஒரு கோப்பையைக் கொண்டுவந்து, "குடிச்சுப் பாருங்க" என்று நீட்டினீர்கள். நான் குடித்து முகத்தைச் சுளித்தேன். "எங்கட பிள்ளையள் மூண்டு நாளா இதைத்தான் குடிக்குதுகள்" என்றீர்கள். வாப்பா சாய்வுக் கதிரையில் இருந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். "தண்ணிய மறிக்கப்படாது. இஞ்ச வந்து அள்ளச் சொல்லுங்க" என்று சொன்னார். அன்றிலிருந்து எங்கள் வளவுக் கேற் பகலில் பூட்டப்படவில்லை.

நம் ஊர் எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, நடுவில் மணல். மணலுக்குள் இறங்கிய மழைத்தண்ணீர் உப்புத்தண்ணீருக்கு மேலே மெல்லிய படையாக நிற்கிறது. அதை நம்பித்தான் வெங்காயமும் மிளகாயும். நீங்கள் வந்த காலத்தில் இரண்டு கையிலும் வாளி தூக்கித்தான் பாத்திக்கு ஊற்றினோம். நீங்களும் நானும் அடுத்தடுத்த பாத்தியில் குந்தியிருந்து களை பிடுங்கினோம். முதலில் கூலிக்கு வந்தீர்கள். பிறகு அரை ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்தீர்கள். மூன்றாம் போகத்தில் உங்கள் வெங்காயம் எங்களுடையதைவிடப் பெரிதாக விளைந்தது. எங்கள் பெரிய நாநா, வாப்பாவின் மூத்த மகன், வரம்பில் நின்று அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். நான் அப்போது சிரித்தேன்.

வெங்காயம் கிண்டி எடுக்கும் நாட்களில் ஊரில் வேறு வேலை நடக்காது. லொறி வந்து நிற்கும். எல்லா வீட்டுப் பெண்களும் தென்னை நிழலில் இருந்து வால் வெட்டுவோம். மாம்புரிப் பக்கத்திலிருந்து கிறிஸ்தவப் பெண்களும் வருவார்கள். தலவில தேவாலயப் பெருநாளுக்குப் பிள்ளைகளுக்கு உடுப்பு எடுக்க அந்தக் கூலிதான் அவர்களுக்கு. நீங்கள் கதை சொன்னால் எல்லோரும் வெட்டுவதை நிறுத்திவிடுவோம். "கை ஓடட்டும், கதை எங்கயும் போகாது" என்பீர்கள்.

பிறகு பம்ப் வந்தது. பிறகு குழாய்க் கிணறு வந்தது. வாளி தூக்கிய தோள்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று நாம் இருவரும் பேசிக்கொண்டோம். அதை நான் மறைக்கவில்லை. ஒருவர் இருபது அடிக்கு இறக்கினால் பக்கத்துக்காரர் முப்பதுக்கு இறக்கினார். தோட்டங்கள் பெருகின. நிலம் தட்டுப்பாடானது. பள்ளிக்கூடத்தில் இடம் தட்டுப்பாடானது. கிடுகு கட்டிக் கொடுத்த அதே வாய்களில் 'அகதி' என்ற சொல் வேறொரு சத்தத்தில் வரத் தொடங்கியது. இங்கேயே பிறந்த உங்கள் கடைசி மகனையும் வகுப்பில் அப்படித்தான் கூப்பிட்டார்கள். நீங்கள் அதை என்னிடம் சொன்னபோது, "பிள்ளைகள் தானே ராத்தா" என்றேன்.

இனி அந்த விவசாயச் சங்கக் கூட்டத்தின் கதைக்கு வருகிறேன். இதை எழுதத்தான் இவ்வளவும் எழுதினேன் போலிருக்கிறது.

பள்ளிக்கூட மண்டபத்தில் ஆண்கள் முன்னாலும் நாம் ஏழெட்டுப் பெண்கள் பின்னால் கிடந்த நீள வாங்கிலும் இருந்தோம். மானியத்தில் இன்னும் குழாய்க் கிணறு தரப்போகிறார்கள், யார் யாருக்கு என்று பெயர் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நீங்கள் எழும்பினீர்கள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு மெதுவாகத்தான் பேசினீர்கள்.

"மேல வேற வேற வளவு. அடியில இருக்கிறது எல்லாருக்கும் ஒரே தண்ணிதான். எங்கட முகாம் கிணறு மூண்டு மாசத்தில உவரானதை நீங்க எல்லாரும் பாத்தீங்க. அதுபோல இஞ்சயும் ஆகும். குழாய் கூட்டாம, மாறி மாறி இறைக்கிறதுக்கு ஒரு முறை வைப்பம்."

முன்வரிசையிலிருந்து எங்கள் பெரிய நாநா திரும்பிப் பார்த்தார். "ஊர்த் தண்ணியப் பத்தி அகதி கதைக்க வாணாம். இரிங்க."

யாரோ சிரிக்க, மண்டபமே சிரித்தது. நீங்கள் உடனே வாங்கில் இருக்கவில்லை. ஒரு நிமிடம் அப்படியே நின்றீர்கள். உங்கள் சேலை முந்தானை என் முழங்காலில் பட்டுக்கொண்டிருந்தது. அவர் என் கூடப்பிறந்த நாநா. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் என்னை அடித்திருக்கமாட்டார், வீட்டைவிட்டு விலக்கியிருக்கமாட்டார். ஆனாலும் நாக்கு எழும்பவில்லை. குனிந்து என் விரல்நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் மெல்ல வாங்கில் இருந்தீர்கள். வீட்டுக்கு ஒன்றாகத்தான் நடந்தோம். ஒழுங்கை முடியும் இடத்தில், "மிளகாய்க்கு நாளைக்கு மருந்தடிக்க வேணும்" என்றீர்கள். "ஓம்" என்றேன். அவ்வளவுதான்.

யுத்தம் முடிந்து சில வருடம் போனபின் நீங்கள் மன்னாருக்குப் போனீர்கள். இனி வரமாட்டீர்கள் என்று நினைத்து நான் அழுதேன். எட்டு மாதத்தில் திரும்பி வந்தீர்கள். உங்கள் வளவில் காடு எழும்பி, வீடு நின்ற இடத்தில் ஒரு பாலைமரம் நின்றதாம். "அங்க என்னைப் புத்தளத்துக்காரி எண்டு கூப்பிடுதுகள். இஞ்ச இருபது வருசத்துக்கு மேலயா அகதி. நான் எந்த ஊர் எண்டு ஆரிட்டக் கேக்கிறது தங்கச்சி?" என்று கேட்டீர்கள். எங்கள் ஊர் என்று சொல்ல வாய் வந்தது. அந்தக் கூட்டத்துக்குப் பிறகு அதைச் சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

புத்தளம் ஆஸ்பத்திரியில் உங்களைக் கடைசியாகப் பார்த்தேன். அன்று எப்படியும் கேட்டுவிடவேண்டும், மன்னிப்பு என்ற சொல்லையே சொல்லிவிடவேண்டும் என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். நீங்கள் மூச்சுக்குத் தவித்துக்கொண்டு உங்கள் மூத்த மகளின் பிரசவத்தைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தீர்கள். நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். பார்வை நேரம் முடிந்தது. மறுநாள் நண்பகல் லுஹர் தொழுகைக்கு முன்னால் ஊர்ப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் உங்கள் பெயரைச் சொன்னார்கள்.

உங்களைக் கொண்டுபோன சந்தூக்கின் முன்காலைப் பிடித்துத் தூக்கியவர் எங்கள் பெரிய நாநா. வேறு ஆள் தோள் கொடுக்க வந்தும் அவர் விடவில்லை. பிடிவாதமா, வேறா என்று தெரியாது. பெண்கள் மையவாடிக்குப் போவதில்லை. கேற்றடியில் நின்று சனம் ஒழுங்கை திரும்பும்வரை பார்த்தேன்.

இந்தப் போகத்தில் நம் பக்கத்து வெங்காயத் தாளெல்லாம் நுனி கருகிப்போயிற்று. விவசாயக் கந்தோரிலிருந்து ஒரு தம்பி வந்து கிணறு கிணறாக உப்பளக்கும் மீற்றரை இறக்கிப் பார்த்தார். "இறைக்கிறத நிப்பாட்டினா, நல்ல மழை ரெண்டு மூண்டு விழுந்தா, திரும்பலாம். நிப்பாட்டாட்டி எனக்கும் ஒண்டும் செய்யேலாது" என்றார். போன கிழமை சங்கம் கூடியது. இந்தமுறை நான் எழும்பினேன், ராத்தா. உங்கள் வார்த்தையையே சொன்னேன். மேலே வேறு வளவு, அடியில் ஒரே தண்ணீர், மாறி மாறி இறைப்போம் என்று. ஒருவரும் என்னை இருக்கச் சொல்லவில்லை. "சரியான கதை" என்று தலையாட்டினார்கள். நாநாவும் ஆட்டினார். இது நீங்கள் சொன்னது என்று அதற்குப் பிறகு சொன்னேன். ஆட்டிய தலைகள் நின்றன.

மறுநாள் காலை எல்லாத் தோட்டத்திலும் பம்ப் ஓடியது. முதலில் நிறுத்துகிறவரின் பயிர்தான் முதலில் சாகும். எங்கள் பம்பும் ஓடியது. நிறுத்தச் சொல்லி நான் அனுப்பிய என் மகன் சுவிட்சில் கைவைத்தபடி என்னைப் பார்த்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது குடிக்கத் தண்ணீர்ப் பவுசர் லொறி வருகிறது. ஊரும் நீங்கள் விட்டுப்போன சனமும் ஒரே வரிசையில் கலனோடு நிற்கிறோம்.

இன்று மாலை உங்கள் மூத்தவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கூட்டத்தில் நான் பேசியதை யாரோ சொல்லியிருக்கிறார்கள். "உம்மா அண்டைக்கு என்ன கதைச்சவ, மாமி?" என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். நாநா சொன்னதைச் சொன்னேன். நான் பக்கத்தில் இருந்தும் வாய் திறக்காததைச் சொன்னேன். அவள் பிள்ளையைத் தட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"உம்மா அப்படிச் சொல்லேல்லையே" என்றாள். "எல்லாரும் சிரிக்கேக்க நீங்க மட்டும் சிரிக்கேல்லை எண்டு தான் சொல்லுவா. அதால தான் எழும்பிப் போகாம அந்த வாங்கிலயே இருந்ததாம்."

அவள் போய்விட்டாள். நான் சிரிக்காமல் இருந்த அவ்வளவு சிறியதை எடுத்து என் பெயரில் நீங்கள் வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். அதைத் திருப்பித் தர வழியில்லை. வைத்திருக்கத் தகுதியும் எனக்கு இல்லை. ஆனாலும் வைத்திருக்கிறேன், ராத்தா.