சொன்ன இடத்தில் இறங்குவது

2025 யூன் 4, புதன்

எழுந்ததும் முதல் வேலையாகக் கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன். இரவு தம்பி சுகந்தன் அனுப்பிய சுற்றுலாக் கப்பலின் படம் திரையில் அப்படியே நின்றது. வெள்ளை வெளேரென்று, பெரிய ஆஸ்பத்திரி ஒன்றைக் கடலில் இறக்கிவிட்டதுபோல. அதன் பிறகுதான் முகம் கழுவினேன்.

எல்லாவற்றையும் பதிவு செய்துவிட்டான். ஓகஸ்டில் சிங்கப்பூரில் ஏறி, நான்கு இரவு கடலில் இருந்துவிட்டு, சிங்கப்பூரிலேயே இறங்குவது. அவனும் மனைவியும் பிள்ளைகளும் ஒரு அறை. அம்மாவும் நானும் ஒரு அறை. அவனிடம் போக அம்மா கேட்ட கனடா விசா இரண்டு தடவையும் மறுக்கப்பட்டது. அவனோ இந்த மண்ணில் இனிக் கால் வைப்பதில்லை என்று இருக்கிறான் - காரணத்தை இதில் எழுத வேண்டாம். சிங்கப்பூருக்கு எங்கள் பாஸ்போட்டுக்கு விசா தேவையில்லை. அதுதான் அவன் கண்டுபிடித்த வழி. அம்மா தன் மகனைத் தொட்டுப் பதினேழு வருடமாகிறது.

"அக்கா, அம்மாவைத் தனியா ஏத்தேலாது. வயசு, இன்சுலின்... நீங்கள் கட்டாயம் வரோணும்."

ஓம் என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்ல முடியும்?

யூன் 5

சோழகக் காற்று எழும்பிவிட்டது. எங்கள் ஊர் உப்புக்குளத்தில் யன்னலைச் சாத்தினாலும் கடல் கேட்கிறது. அல்லது எனக்கு மட்டும்தான் கேட்கிறதா?

யூன் 9, திங்கள்

கந்தோரில் கூட வேலை செய்யும் நசீறாவிடம் சொன்னேன். அவள் உம்றாவுக்கு மக்கா போய் வந்தவள். வெளிநாட்டுக் காசு விஷயத்தில் எங்கள் பகுதிக்கு அவள்தான் வங்கி.

"கப்பலா? நீயா? பாலத்தில பஸ் போகேக்கயே கண்ணை மூடிக்கொண்டிருக்கிற ஆள்!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு அவள் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பாடம் நடத்தினாள். பாஸ்போட்டையும் பயணச்சீட்டையும் கொண்டு வங்கிக்குப் போ. சிங்கப்பூர் டொலரும் கொஞ்சம், அமெரிக்க டொலரும் கொஞ்சம் எடு. சில்லறைத் தாளாகக் கேள்.

"பெரிய தாள் தந்தா வாங்காத, பிள்ள. அறை துப்புரவாக்க வாற ஆளிட்ட நூறு டொலரை நீட்டிப்போட்டு, மிச்சம் தா எண்டு கேட்டுக்கொண்டு நிப்பியோ?"

கடைசியில் குரலைத் தாழ்த்தி, "கடல் மயக்கத்துக்குக் குளிசை இருக்கு, போட்டுக்கொண்டு போ" என்றாள்.

"இது குளிசைக்குப் போற பயமில்லை."

"தெரியும்" என்றாள்.

நானும் அவளும் ஒரே வருடத்தில், சிறுமிகளாக, இந்தச் சின்னத் தீவை விட்டு வள்ளத்தில் போனவர்கள். நாங்கள் சண்டைக்குப் பயந்து இந்தியாவுக்கு. முஸ்லிம்கள் என்று அவளுடைய சனங்கள் எல்லாரையும் இயக்கம் வெளியேறச் சொன்னது. அவர்கள் தெற்கே கற்பிட்டிக் கரைக்கு. இத்தனை காலம் பக்கத்துப் பக்கத்து மேசை. ஒருநாளும் ஒருவரையொருவர் கேட்டதில்லை.

யூன் 10

வங்கிப் பெண் "என்ன பயணம், மிஸ்?" என்று கேட்டாள். கப்பல் என்ற சொல் வாயில் வரவில்லை. "சிங்கப்பூர்" என்றேன். தாள்களை அலுமாரியில் சேலைகளுக்குக் கீழே வைத்திருக்கிறேன். அலுமாரியைத் திறக்கவே பிடிக்கவில்லை.

யூன் 14, சனி

சுகந்தன் வீடியோவில் வந்தான். கப்பலில் காசு கையில் கொண்டு திரியத் தேவையில்லையாம். ஒரு அட்டை தருவார்களாம், எல்லாம் அதில் ஏறுமாம். வேலையாட்களுக்கான ரிப்ஸ், சந்தோசக் காசு, ஆளுக்கு, நாளுக்கு இவ்வளவென்று கணக்கில் போடுவார்களாம். "இப்பவே மொத்தமாக் கட்டிவிட்டா கரைச்சல் இல்லை. கட்டிவிடட்டோ?"

அதுவரை சிரித்துக்கொண்டிருந்த அம்மா கைபேசியைப் பறித்தார்.

"முழுக்காசையும் முன்னுக்கே குடுக்கக்கூடாது! ஏறேக்க பாதி. இறங்கி, கரையில நிக்கிற சனத்திட்ட இது என்ன இடம் எண்டு கேட்டுப்போட்டு, மிச்சம்."

"அம்மா, இதென்ன அகதி வள்ளமே?" - அவன் விழுந்து விழுந்து சிரித்தான். பின்னால் பிள்ளைகளும் சிரித்தார்கள், விளங்காமலே.

"சிரி. நீ அக்காவின்ர கழுத்தில இருந்தனீ. உனக்கென்ன தெரியும்?"

"என்ன கழுத்து?"

அம்மா கைபேசியை என்னிடம் தந்துவிட்டு எழுந்து போனார். "பிறகு சொல்லுறன்" என்று நான் வைத்துவிட்டேன்.

பயணச்சீட்டுக்காசை அவன் முழுவதுமாக முன்னமே கட்டிவிட்டான். அதை அம்மாவுக்கு நாங்கள் இன்னும் சொல்லவில்லை.

யூன் 15, ஞாயிறு

அவனுக்குக் குரல்பதிவு அனுப்பினேன். பேசும்போது இடையில் இரண்டு தடவை நிறுத்த வேண்டி வந்தது. இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

எனக்குப் பத்து வயது, அவனுக்கு மூன்று. அப்பா அடுத்த வள்ளத்தில் வருவதாக இருந்தது. வள்ளக்காரன் ஏறமுதலே முழுக்காசையும் வாங்கிக்கொண்டான். அம்மாவின் காதுத் தோட்டையும் சேர்த்து. இருட்டில் ஓடினோம். பிறகு இயந்திரத்தை நிறுத்தி, "இதுதான் இந்தியா, இறங்குங்கோ, கெதியா" என்றான். காலுக்குக் கீழே மணல். எல்லாரும் இறங்கினோம். யாரோ கும்பிட்டார்கள். வள்ளம் திரும்பிப் போய்விட்டது.

விடிந்தபோது மணல்திட்டு. நாலு பக்கமும் கடல். ஒரு மரமில்லை, ஒரு வீடில்லை. நேரம் போகப் போக மணல் சுருங்கியது. தண்ணீர் என் முழங்காலுக்கு வந்தது, பிறகு தொடைக்கு. அம்மா வேறு யாரோ ஒருவரின் குழந்தையைத் தூக்கி வைத்திருந்தார். தம்பி என் கழுத்தில். பசியில் என் காதைக் கடித்தான். மத்தியானம் போல் இந்தியப் பக்கத்து மீன்பிடிக்காரர் கண்டு ஏற்றினார்கள். காசு கேட்கவில்லை.

நான் தண்ணீருக்குப் பயந்தவள் இல்லை. கிணற்றில் குளிப்பேன், குளத்தில் இறங்குவேன். காசை வாங்கிக்கொண்டு சிரித்த முகத்தோடு ஏற்றுகிறவர்கள் - எங்கே இறக்குவார்கள்? இதை யாருக்கு விளங்கப்படுத்துவது?

யூன் 17

கந்தோர் முடிந்து பள்ளிமுனைக் கரைக்குப் போனேன். கட்டி நின்ற வள்ளம் ஒன்றில் ஒரு காலை வைத்துப் பார்த்தேன். அசைந்தது. எடுத்துவிட்டேன்.

வலை உதறிக்கொண்டிருந்த பெனடிக்ற் அண்ணை பார்த்துவிட்டார். "ஏறுங்கோ தங்கச்சி, கட்டித்தானே கிடக்கு. எங்க ஓடப்போகுது?"

"இல்லை அண்ணை, சும்மா" என்றேன். திரும்பிப் பார்க்காமல் வீடு வந்தேன். கட்டிக் கிடக்கிற வள்ளத்துக்கே இப்படியென்றால்?

யூன் 20, வெள்ளி

சுகந்தன் வீடியோவில் எடுத்தான். இவ்வளவு நாளும் பேசவில்லை. கண் வீங்கியிருந்தது.

"ஏன் அக்கா ஒருத்தரும் சொல்லேல்லை?"

"நீ சின்னப்பிள்ளை."

"எனக்கு முப்பத்தெட்டு வயசு." மூக்கை உறிஞ்சினான். "கப்பல் வேண்டாம் அக்கா. ஞாயிறுக்குள்ள நிப்பாட்டினா பாதிக்காசு திரும்பும். சிங்கப்பூரில ஹோட்டல்ல நிப்பம். நீங்கள் சொல்லுங்கோ, நிப்பாட்டுறன்."

என் உடம்பு முழுவதும் இளகியது. உண்மையை எழுதுகிறேன்: கும்பிடத் தோன்றியது. வெட்கமாகவும் இல்லை.

குசினியில் அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தார். சொன்னேன். கத்தி நின்றது.

"உனக்கு ஏலாதெண்டா விடு, பிள்ளை. அவனைக் காணுறதுதானே முக்கியம்."

"உங்களுக்குக் கப்பல் விருப்பமா, அம்மா? பயமில்லையா?"

"பயமில்லாமல்? நித்திரையில்லை எனக்கு." மீனைத் திருப்பிப் போட்டார். "சாகமுதல் ஒருக்கா, காசு குடுத்து ஏறி, சொன்ன இடத்தில இறங்கோணும். வேற ஒண்டுமில்லை."

பிறகு "தேசிக்காய் எடுத்துத் தா" என்றார். எடுத்துக் கொடுத்தேன்.

யூன் 21

இன்றைக்கும் அவனுக்கு ஒரு முடிவும் எழுத முடியவில்லை. காற்று.

யூன் 22, ஞாயிறு

அம்மா தேவாலயத்துக்குப் பூசைக்குப் போயிருக்கிறார். போகும்போது ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

காலையில் சுகந்தன் எங்களுக்கென்று எடுத்த அறையின் படத்தை அனுப்பியிருந்தான். கீழே, "இதைப் பாத்துப்போட்டு முடிவு சொல்லுங்கோ அக்கா. எதெண்டாலும் சரி" என்று. இந்தத் தடவை கைபேசியைக் கவிழ்க்கவில்லை. பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு கட்டில். ஒன்று சுவரோரம். மற்றது கண்ணாடிக் கதவோரம். கதவுக்கு வெளியே சின்னப் பல்கனி, அதற்குப் பிறகு முழுவதும் கடல். திரைச்சீலை இருக்கிறது, ஆனால் மெல்லியது.

பயம் நேற்றைய அளவுதான், ஒரு சொட்டும் குறையவில்லை.

பின்னேரம் அவனுக்கு எழுதுவேன்: நிப்பாட்டாதே. அதுவரை ஒருவருக்கும் சொல்லப்போவதில்லை. சொன்னால் எல்லாரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

சுவரோரக் கட்டில் அம்மாவுக்கு. கதவோரம் நான் படுப்பேன்.