மீசைக்கு எட்டுற தூரம்

தாராவி
ஜூன் 9

அக்காவுக்கு,

என் நம்பர பிளாக் பண்ணிட்ட. அதான் லெட்டர். அம்மா சொல்லிக்குடுத்த தமிழு, தப்பு இருந்தா சிரிச்சிட்டுப் போ.

காலேஜுக்குத் திரும்பப் போற வரைக்கும் பேச மாட்டேன்னு சொன்ன. நான் போகல. மாட்டுங்கால ரஹ்மத்துல்லா பாய் மீன் கடையில நிக்கேன். தின்னுற மீன் இல்ல, தொட்டி மீன்.

புதுசா ஒரு ஜோடி வந்திருக்கு. பவளப் பாறைக்குப் பக்கத்துல மணல்ல கெடக்கிற மீனு. விரல் நீளம், மஞ்சக் கலர். பேரு கோபி. காலிஃபிளவர்னு நெனச்சிராத. அதுகூட ஒரு இறால். இறாலுக்குக் கண்ணு சரியாத் தெரியாது. ஆனா குழி தோண்டுறதுல கில்லாடி, பகல் பூரா மண்ண வாரி வெளிய தள்ளுது. மீனு வாசல்ல காவல் நிக்கும். இறால் எப்ப வெளிய வந்தாலும் ஒரு மீசை மீனு மேலயே இருக்கும். ஆபத்துன்னா மீனு வாலை ஆட்டும், ரெண்டும் சட்டுனு உள்ள போயிரும். ராத்திரி ஒரே குழியில தூங்கும்.

நீ கல்யாணமாகிப் போன பொறவு ரூமு ரொம்பப் பெருசா இருக்கு. முந்தி கால நீட்டுனா இடிக்கும்லா.

இசக்கி


டோம்பிவிலி
ஜூன் 17

எலே இசக்கி,

லெட்டர் கெடச்சது. மீன் கத நல்லாத்தான் இருக்கு. அத வச்சு என்ன பண்ணப் போற? டிப்ளமோ முடிக்க ஒரு வருஷம்தான பாக்கி. ஆஸ்பத்திரில அம்மா கடைசியா என் கையப் பிடிச்சு என்ன கேட்டான்னு நீயும் பாத்துக்கிட்டுத்தான நின்ன?

இந்த மாசக் கடைசிக்குள்ள போய்ச் சேரு. சேந்துட்டேன்னு எழுது, அன்னிக்கே பிளாக்க எடுத்துருதேன். இல்லேன்னா எழுதாத.

ராத்திரி வடா பாவ் தின்னுட்டுப் படுக்காத. சோறு வை.

ஷாலினி


தாராவி
ஜூலை 4

அக்கா,

சேரல. பொய் எழுத வரல.

செம்பூர்ல இருந்து ஒரு மேடம் வந்தாங்க. மீனு மட்டும் போதும், இறாலப் பாத்தா அருவருப்பா இருக்குன்னாங்க. நான்தான் கொண்டு போய் அவங்க தொட்டில விட்டேன். இங்க கடையில இறால் வெளிய வரும், மீசைய அங்கிட்டும் இங்கிட்டும் துழாவும், உள்ள போயிரும். தோண்டுறத விட்டுட்டு. அங்க மீனு கண்ணாடி மூலைல ஒட்டிக்கிட்டுக் கெடக்கு. அதுக்குக் கண்ணு நல்லாத் தெரியும். ஓடி ஒளியக் குழிதான் இல்ல.

பாய்கிட்ட சண்ட போட்டு இறாலையும் கொண்டு போய் விட்டேன். "பாகல் ஹை க்யா தூ", பைத்தியமா உனக்குன்னு ஏசுனாரு. மறுநாள் போய்ப் பாத்தேன். புதுக் குழி. வாசல்ல மீனு. அது மேல மீசை.

13-ம் தேதி ஞாயித்துக்கிழம நாலு மணிக்கு டோம்பிவிலி ஸ்டேஷன் பிரிட்ஜ்ல நிப்பேன். காலேஜ் பேச்சு வேண்டாம். ஒரு சாய் குடிச்சிட்டுப் போயிருதேன்.

இசக்கி


தாராவி
ஜூலை 13

ஷாலினிக்கு,

வந்தேன். பம்பாய்ல பொறந்து வளந்தவன் ஞாயித்துக்கிழம தண்டவாள வேலைக்கு ரயில நிறுத்துற மெகா பிளாக்க மறந்தா அவன என்ன செய்ய? குர்லால போட்டுட்டான் வண்டிய. டோம்பிவிலி வந்து சேரும்போது நல்லா இருட்டிட்டு. பிரிட்ஜ்ல நீ இல்ல. வந்துட்டுப் போனியா, வரவே இல்லியா, தெரியல. வழியில கூப்பிட்டுப் பாத்தேன். இன்னும் பிளாக்லதான் கெடக்கேன்.

போதும். இனி எழுத மாட்டேன்.

இசக்கி


டோம்பிவிலி
ஜூலை 14

எலே இசக்கி,

நேத்து நாலு மணிக்கு முன்னாலயே பிரிட்ஜுக்கு வந்துட்டேன். நல்ல மழை. ஒவ்வொரு வண்டிக்கும் எட்டி எட்டிப் பாத்தேன். வர முடியலேன்னா ஒரு ஃபோனாவது பண்ணுதானா பாரு சவம்னு உன்ன ஏசிக்கிட்டே நின்னேன். இன்னிக்குக் காலைல குக்கர அடுப்புல வைக்கும்போதுதான் உறைச்சது. பிளாக் பண்ணுனது நான்லா.

உடனே எடுத்துட்டேன். அடிச்சு அடிச்சுப் பாத்தேன், நீ எடுக்கல. கோவமா இருப்ப. இருந்துக்கோ. காலேஜ் விஷயத்துல எனக்கும் இன்னும் கோவம்தான். அது வேற.

தெனம் சாயங்காலம் ஒரு மிஸ்டு கால் குடுப்பேன். எடுக்க வேண்டாம். பேச வேண்டாம். நான் இருக்கேன்னு தெரிஞ்சாப் போதும். என்னிக்காவது நீயும் ஒண்ணு குடு.

இத எழுதிக்கிட்டே ஒண்ணு குடுத்தேன். ரிங் போகுது.

ஷாலினி